பெருமங்கலமும் பெருஞ்சாந்தியும்

திருப்பணி முற்றுப்பெற்று, விமானக் கலசத்தின்மேல் யாகசாலைத் தீர்த்தம் சொரியும் நன்னாள் நெருங்குங்கால், ஊர்தோறும் அழைப்பிதழ்கள் செல்கின்றன. சிவபிரான் திருக்கோயில் அழைப்பிதழில் 'மகா கும்பாபிஷேகம்' என்றிருக்கும். திருமால் கோயிலதாயின் 'சம்ப்ரோக்ஷணம்' என்றிருக்கும். தமிழ்ச்சொல்லை விரும்பும் ஊரார் 'திருக்குடமுழுக்கு' என்றோ 'திருக்குட நன்னீராட்டு' என்றோ அச்சிடுவர். அவ்வழைப்பிதழின் ஓரத்திலேயே, திருப்பணிக்கு உழைத்த பெரியார் ஒருவர்க்கு மணிவிழா என்றோ, திருமுறை ஓதும் கழகத்திற்கு வெள்ளி விழா என்றோ ஒரு வரி சேர்ந்திருப்பதும் உண்டு. இச்சொற்கள் யாவும் ஒரு காலத்தில் பிறந்தவை அல்ல. ஓரிடத்திலிருந்து வந்தவையும் அல்ல. சில கல்வெட்டிலிருந்து வந்தன. சில தேவாரத்திலிருந்து வந்தன. ஒன்றிரண்டு கப்பலேறி வந்தன.

இவற்றுள் மிகப் பழையதும், மிகச் சிறியதும், பெரும்பாலோர் பொருளறியாது வழங்குவதும் 'நாள்' என்னும் சொல்லே ஆகும். நாள் என்றால் பகலும் இரவும் கூடிய பொழுது என்பது இன்றைய பொருள். பண்டைத் தமிழில் அதற்கு விண்மீன், அதாவது நட்சத்திரம் என்னும் பொருளும் உண்டு. 'நாளும் கோளும்' என்று சான்றோர் சேர்த்துச் சொல்லுமிடத்து நாள் என்பது அசுவினி முதல் இரேவதி ஈறாகிய இருபத்தேழு மீன்களையும், கோள் என்பது ஞாயிறு முதலிய கிரகங்களையும் குறிக்கும். ஆகவே 'பிறந்தநாள்' என்பது முதற்கண் பிறந்த மீனையே குறித்தது. ஆங்கிலத் தேதியைக் குறித்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை கொண்டாடும் வழக்கம் பின்னால் வந்தது. மீனோ இருபத்தேழு நாளுக்கொரு முறை திரும்பி வருவது. ஆதலின் மாதந்தோறும் பிறந்தநாள் உண்டு. இதனை மனத்திற் கொள்ளாதவர்க்குச் சோழர் கல்வெட்டுக்கள் பல இடத்து விளங்கமாட்டா.

தொல்காப்பியம் புறத்திணையியலில் அரசன் பிறந்தநாள் விழாவுக்குப் 'பெருமங்கலம்' என்று பெயரிடுகின்றது. அதனையடுத்து 'மண்ணுமங்கலம்' என்றொரு துறையும் சொல்லப்படுகின்றது. மண்ணுதல் என்பது நீராட்டுதல்; அரசன் முடிபுனைந்து நீராடும் சிறப்பு அது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் பிறந்தநாள் விழாவே 'நாண்மங்கலம்' எனப்பட்டது. அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை அணிந்து விளங்குவான் ஆதலின் 'வெள்ளணி நாள்' என்ற பெயரும் வழங்கியது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பெருமங்கலத்தைச் சொல்லவந்த ஆசிரியர், அன்று அரசன் என்ன உண்டான், என்ன பூண்டான் என்று விரிக்கவில்லை. செற்றம் நீங்குதலையே அந்நாளின் இலக்கணமாக வைத்தார். செற்றம் என்பது நெடுநாள் உள்ளத்தில் ஊறிக் கிடக்கும் பகை. அவ்வொரு சொல்லுக்கு உரை கண்டோர், சிறையில் உள்ளாரை விடுதல், போரை நிறுத்துதல், கொலை ஒழிதல், இறை தவிர்த்தல், வேண்டினார்க்கு வேண்டுவன கொடுத்தல் என்று அதன் பொருளை விரித்தனர். இறை தவிர்த்தலாவது குடிகள் செலுத்த வேண்டிய வரியை விட்டுக்கொடுத்தல். பிறந்தநாட் பரிசு பெறுவோன் அரசன் அல்லன். அவனால் துன்புற்றிருந்தோர் யாரோ அவரே பெறுவர் என்பது இதனால் பெறப்படும்.

முத்தொள்ளாயிரத்துப் புலவர் ஒருவர் இதனைச் சிரிப்போடு சொல்லிக் காட்டுகின்றார். சோழன் கிள்ளியின் நாள் இரேவதி. அந்நாளில் அந்தணர் பசுவும் பொன்னும் பெற்றனர். நாவலர் யானை ஏறிச் சென்றனர். எல்லாரும் ஏதோ ஒன்று பெற்ற அன்றைக்குச் சிலந்திப் பூச்சி மட்டும் தன் கூட்டை இழந்ததே, அது செய்த பிழை யாது என்று வினவுகின்றார். விழாவுக்காக வீடுகளைத் துடைத்துத் தூய்மை செய்தபோது ஒட்டடையும் போயிற்று என்பது கருத்து. கிள்ளியின் போர்களைப் பாடிய பாட்டுக்களைவிட இந்த ஒட்டடைப் பாட்டு அவன் காலத்து ஊரைக் கண்முன் நிறுத்துகின்றது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும் எந்த ஊரிலும் அந்தச் சிலந்தியின் வழிவந்தவற்றைக் காணலாம்.

அரசனுக்குச் சொன்ன இவ்விலக்கணம் ஊர்விழாவுக்கும் உரியதாயிற்று. மணிமேகலையின் முதற் காதைக்கு 'விழாவறை காதை' என்று பெயர். புகார் நகரத்தில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடைபெறும். வள்ளுவன் யானைமீது முரசேற்றி வீதிதோறும் அறைகின்றான். தோரணம் நாட்டுக, பூரண கும்பமும் பொற்பாலிகையும் பாவை விளக்கும் வைக்க, கமுகும் வாழையும் கரும்பும் நடுக, வீதியிற் புதுமணல் பரப்புக என்று அவன் கூறும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் விழாக்குழுவினர் கைக்குறிப்பில் உள்ளனவே. பூரண கும்பம் என்ற பெயரும் மாறவில்லை. முளைப்பாலிகை என்ற பெயரும் மாறவில்லை. இவ்வேற்பாடுகளோடு அவன் மற்றொன்றையும் அறைகின்றான். விழா நடைபெறும் இருபத்தெட்டு நாளும், பகைவரையே எதிர்ப்பட நேரினும் செற்றமும் கலகமும் செய்யாது விலகிச் செல்லுங்கள் என்பது அது. தொல்காப்பியர் அரசனுக்கு வைத்த அதே செற்றம் என்னும் சொல்லே இங்கும் வருகின்றது.

முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, தேர்வடத்தில் முதற்கை யாருடையது என்று வழக்கு மூண்டு, ஆண்டுக்கணக்கில் தேர் ஓடாது நின்ற ஊர்கள் உண்டு. அவ்வூர்களில் வாழையும் கரும்பும் நடத் தெரியாமல் இல்லை. வள்ளுவன் அறைந்தவற்றுள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள், அவ்வளவே.

விழா நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் மணிமேகலை சொல்லாமல் விடவில்லை. மகனைக் கடலில் இழந்த சோழன் துயரத்தில் மூழ்கி இந்திர விழாவை மறந்தான். மணிமேகலா தெய்வம் சினந்தது. புகாரைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் கூறும் வரலாறு. அரசன் மறந்தது ஆணவத்தால் அன்று, பிள்ளையை இழந்த துக்கத்தால். அதனால் அக்கதை இன்னும் கனக்கின்றது.

துக்கத்துக்கும் விழாவுக்கும் உள்ள தொடர்பைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டியவர் திருஞானசம்பந்தப் பெருமான். திருமயிலையில் சிவநேசர் என்னும் வணிகர் தம் மகள் பூம்பாவையைப் பாம்பு தீண்டி இழந்தார். அவளை ஆளுடைய பிள்ளையார்க்கென்றே வளர்த்தவர் ஆதலின், எரித்த சாம்பலையும் என்பையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்திருந்தார். பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளினார். குடத்தை மதிற்புறத்தே கொணரச் செய்து பதிகம் அருளினார். அப்பதிகத்தில் இரங்கற் சொல் தேடினால் கிடைக்காது. இந்த ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலே போய்விடுவாயோ என்று இறந்த பெண்ணைக் கேட்கின்றார். அடியார்க்கு அமுது செய்விக்கும் அட்டிட்டல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொன்னூசல் என்று மயிலையின் ஓராண்டு அப்படியே வந்துவிடுகின்றது. பாதி விழாக்களுக்கு மீனே பெயர். வரிசையில் முதலில் நிற்பது சோறிடுதல். இறுதியில் நிற்பது 'பெருஞ்சாந்தி'.

பெருஞ்சாந்தி யாது என்பதில் உரையாளர் ஒருபடித்தாகச் சொல்வதில்லை. ஆண்டுக் குற்றங்களுக்குக் கழுவாயாகச் செய்யும் பவித்திரோற்சவம் என்பாரும் உளர்; குடமுழுக்கையே குறிக்கும் என்பாரும் உளர். குறை நீங்கி அமைதி பெறுதல் என்பதே சொல்லின் நேர்பொருள் ஆதலின், திருக்கோயிலைப் புதுக்கி மீளவும் திருவருள் பதியச் செய்யும் நிகழ்ச்சிக்கு அது நன்கு பொருந்தும். அப்பதிகம் முடிவதற்குள் குடம் உடைந்து பூம்பாவை எழுந்து நின்றாள் என்கின்றார் சேக்கிழார்.

இனிக் கல்லுக்கு வருவோம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனின் நாள் சதயம். அக்கோயிற் கல்வெட்டு, ஆண்டுப் பெருந்திருவிழாவுக்கு ஒன்பது நாளைக் குறித்து, அதனோடு 'திருச்சதயம்' என்று பன்னிரண்டு நாளையும் சேர்த்து எண்ணுகின்றது. மாதந்தோறும் சதயத்தன்று ஒரு விழா என்பது அதன் பொருள். இவை இறைவன் திருமஞ்சன நீரில் இடும் நறும்பொருளுக்கு விட்ட கொடையின் கணக்கில் வருவன. மன்னன் பிறந்தநாளில் திருமுழுக்கு இறைவனுக்கு நடந்தது. மண்ணுமங்கலம் அரசனை விட்டு ஆண்டவனுக்கு ஏறியது என்னலாம்.

அம்மன்னனே தன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், 275ஆம் நாளில், அதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செம்பினால் ஆகிய குடத்தை அளித்தான். அதன் எடை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகடு 2,926½ கழஞ்சு. கல்வெட்டு அதனைக் 'செப்புக்குடம்' என்றே குறிக்கின்றது. குடமுழுக்கு என்னும் தொடரில் நிற்கும் குடம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விமானத்தின் மேல் ஏறிவிட்டது என்பதற்கு அது போதும். 2010இல் அரசு அக்கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தது. 2020 பெப்ரவரி 5ஆம் நாள் அங்குக் குடமுழுக்கு நிகழ்ந்தபோது, வழிபாட்டு மொழி எது என்னும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, தமிழும் வடமொழியும் இரண்டுமே ஒலிக்கலாம் என்று முடிந்தது. அவ்வாறே இரண்டும் ஒலித்தன. ஐப்பசிச் சதயந்தோறும் தஞ்சையில் சதய விழா இன்றும் நடைபெறுகின்றது. அவன் மைந்தன் இராசேந்திரனது ஆடித் திருவாதிரையும் கங்கைகொண்ட சோழபுரத்தில் 2021 முதல் அரசு விழாவாக அறிவிக்கப்பெற்றுள்ளது. அவ்விருவர்க்கும் முன்னும் பின்னும் ஆண்ட எத்தனையோ மன்னர்களுக்கும் பிறந்தநாள் இருந்திருக்கும். பெருமங்கலமும் அரண்மனையில் முழங்கியிருக்கும். கோயிற் சுவரில் ஒரு கொடையோடு சேர்த்து வெட்டப்பெற்ற நாளே எஞ்சியது.

அடியார்க்கு நாள் கொண்டாடும் முறையில் சைவமும் வைணவமும் வேறுபடுதல் சுவையானது. ஆழ்வார்க்கும் ஆசாரியர்க்கும் அவதரித்த மீனைக் கொண்டு 'திருநட்சத்திரம்' என்பர். ஆண்டாளுக்கு ஆடிப்பூரம், நம்மாழ்வார்க்கு வைகாசி விசாகம், உடையவர்க்குச் சித்திரைத் திருவாதிரை. நாயன்மார்க்கோ இறைவனடி கலந்த நாளே 'குருபூசை'. அப்பர்க்குச் சித்திரைச் சதயம், சம்பந்தர்க்கு வைகாசி மூலம், சுந்தரர்க்கு ஆடிச் சுவாதி. வந்த நாளைக் கொண்டாடுவது ஒரு மரபு, சென்று சேர்ந்த நாளைக் கொண்டாடுவது ஒரு மரபு. மீனை விட்டுக் கணக்கு வைப்பது இரண்டிலும் இல்லை.

திருவிழாவின் உறுப்புக்களாகிய கொடியேற்றம், காப்புக்கட்டு, தீர்த்தவாரி, தெப்பம் ஆகியவற்றை அன்பர் யாவரும் அறிவர். 'விடையாற்றி' என்பதன் அழகை மட்டும் சொல்லாமல் விடலாகாது. பத்து நாள் வீதிவலம் வந்த விடை இளைப்பாற வேண்டும் என்று கருதி, விழா முடிந்தபின் ஓய்வுக்கென்றே ஒரு விழா வைத்துப் பெயரும் இட்டார்கள். சுமந்தவரை நினைக்கும் பெயர் அது.

ஆண்டை எண்ணிக் கொண்டாடும் வழக்கத்திலும் முன்னோர் வானத்தையே நோக்கினர். பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபது ஆண்டும் சுழன்று, பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருங்கால் செய்வது சஷ்டியப்த பூர்த்தி. அதனையே அறுபதாங் கல்யாணம் என்றும் மணிவிழா என்றும் வழங்குவர். வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டிலும் சனி ஏறத்தாழ முப்பது ஆண்டிலும் ஒரு சுற்று முடிக்குமாதலின், அறுபதில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்துப் பிறந்தபோது நின்ற இடத்துக்கு அணித்தாக வந்து நிற்கும். எழுபதில் பீமரத சாந்தி. எண்பதைக் கடந்து செய்யும் சதாபிஷேகமோ ஆயிரம் பிறை கண்டவர்க்குரியது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே இருபத்தொன்பதரை நாளும் சிறிதும் செல்லும். ஆயிரம் பிறைக்கு எண்பது ஆண்டும் ஏறக்குறையப் பத்துத் திங்களும் ஆகும். மார்க்கண்டேயர்க்காகக் காலனைக் காலால் உதைத்த திருக்கடவூரில் இவ்விழாக்களைச் செய்துகொள்ள நாள்தோறும் வயோதிகத் தம்பதிகள் வந்தவண்ணம் உள்ளனர்.

வெள்ளி விழா, பொன் விழா என்பன வேறு வழியில் வந்தவை. யூதர் மறையில் ஐம்பதாம் ஆண்டு 'யூபிலி' எனப்பட்டது. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி அதனை அறிவித்தனர். அவ்வாண்டில் அடிமைகள் விடுதலை பெற்றனர். கைமாறிய நிலம் உரியவரிடம் திரும்பியது. சிறைவீடு செய்த வெள்ளணி நாளுக்கும் கொம்பூதி அடிமையை விடுத்த யூபிலிக்கும் உள்ள ஒப்புமை, இரண்டு நாட்டு அறவோரும் ஒருவரையொருவர் அறியாது ஒரே முடிவுக்கு வந்ததைக் காட்டுகின்றது. அச்சொல் ஐரோப்பாவில் வழங்கி, விக்டோரியா அரசியாரின் ஐம்பதாம் ஆட்சியாண்டுக்கு 1887இலும், அறுபதாம் ஆண்டுக்கு 1897இலும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு 1935இலும் கொண்டாடப்பெற்ற ஜூபிலிகளின் வாயிலாக இந்நாட்டுக்கும் பரவியது. பொன், வைரம், வெள்ளி என்னும் அடைமொழிகளும் உடன் வந்தன.

தமிழர் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் மணநாள் நிரலில் முத்து முப்பதாம் ஆண்டுக்கும், பவளம் முப்பத்தைந்தாம் ஆண்டுக்கும் உரியன. தமிழிலோ எழுபத்தைந்துக்குப் பவள விழா, எண்பதுக்கு முத்து விழா. கொற்கைக் கடலில் குளித்து முத்தெடுத்த நாட்டார்க்கு, முத்து முப்பதோடு நின்றுவிடுவது பொருந்தித் தோன்றவில்லை போலும். மேனாட்டார் சரக்கை வாங்கித் தம் நிறைகோலில் நிறுத்துக்கொண்டார்கள்.

இந்நாளில் இளைஞர் நாவில் வழங்கும் 'பார்ட்டி' என்ற சொல்லுக்கு ஒரு கை விரலில் அடங்காத பொருள் உண்டு. கடைத்தெருவில் அது வாங்க வருபவர், நீதிமன்றத்தில் வழக்காடுபவர், மேடையில் கட்சி, மாலைப் பொழுதில் உணவும் ஆரவாரமும். இவ்வளவு வேலை செய்யும் சொல் எதிலும் ஆழமாக இறங்குவதில்லை. அதன் இடத்தில் முன்னே இருந்த 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் புதுவகையாகச் செய்யும் நூலுக்கே விருந்து என்று பெயரிட்டார். பின்பு புதிதாக வந்தவர்க்கும், அதன்பின் அவர்க்கிடும் உணவுக்கும் அப்பெயர் ஆயிற்று. உற்றாரும் நண்பரும் தமக்குள் கூடி உண்பது எவ்வளவு இனியதாயினும், அறிமுகமில்லாத ஒருவர் இலையில் அமராதவரை அது சொல்லின்படி விருந்தாகாது. குடமுழுக்கு நாளில் பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல் இலை போடும் அன்னதானப் பந்தியே அச்சொல்லுக்கு இன்று எஞ்சியுள்ள சரியான இடம்.

நாகை வட்டாரத்தில் செம்பியன் மாதேவி என்றோர் ஊர் உள்ளது. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியாரின் பெயரால் அமைந்தது அவ்வூர். இளமையிலேயே கணவரை இழந்த அப்பெருமாட்டியார், அந்நாளில் செங்கல்லால் நின்ற திருக்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கினார். கோனேரிராசபுரம் எனும் திருநல்லத்தில் எடுத்த கற்றளியைத் தம் கணவர் பெயரால் எடுத்தார். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்துப் புதுக்கியபோது, பழங்கற்களில் இருந்த பிறருடைய கொடைகள் அழிந்துவிடாமல், அவற்றைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். முன்பின் அறியாத ஒருவர் என்றோ விளக்குக்கு வைத்த ஆடும் பொன்னும் அதனால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அவ்வம்மையார் பிறந்த மீன் கேட்டை.  அவர் பெயர்கொண்ட ஊரின் கைலாசநாதர் கோயிலில், மருமகளாராகிய உத்தம சோழன் தேவியர், மாமியார் பிறந்த கேட்டை நாளில் வழிபாடும் உணவளிப்பும் நடைபெறுமாறு அறக்கொடை வைத்துக் கல்லில் எழுதினர். சித்திரைக் கேட்டையன்று அவ்வூரார் அப்பெருமாட்டிக்கு இன்றும் விழா எடுக்கின்றனர்.